அரங்கினுள் ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

பழமையான கலையரங்குகளைச் சீரமைத்துக் காக்கும் முயற்சி இன்று பெருகி வருகிறது. சுவரும் கூரையும் செப்பமுற்ற பின்னரும் அங்கு ஒரு பணி எஞ்சி நிற்கிறது. முதன்முறையாக வருகின்ற ஒருவர், எவரையும் வினவித் தயங்காமல் தம் இருக்கையை அடைதல் வேண்டும். இடர் நேருங்கால் விரைந்து வெளியேறவும் அவருக்கு வழி தெரிதல் வேண்டும். அவ்வழியைப் புலப்படுத்தும் கலையை விளக்குவது இப்பாடம்.

வழிகூறும் மரபு

பத்துப்பாட்டில் அமைந்த பத்து நூல்களுள் ஐந்து ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. திருமுருகாற்றுப்படை முருகனின் அருளை நாடுவோரை வழிப்படுத்துகிறது. ஏனைய நான்கிலும் வழி கூறுபவரும் வழி கேட்பவரும் பொருநர், பாணர், கூத்தர் என நிகழ்கலையையே வாழ்வாகக் கொண்டவர்கள். பரிசில் பெற்று மீளும் கலைஞர், வறுமையோடு எதிர்வரும் கலைஞரை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துகிறார். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கப்பெறும் மலைபடுகடாம், நன்னனது ஊருக்குச் செல்லும் மலைவழியில் எதிர்ப்படும் இடர்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கிறது.

வழி காட்டுதல் என்பது திசையைச் சுட்டி விரலை நீட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இம்மரபு உணர்த்துகிறது. எதைக் கண்டால் எப்பக்கம் திரும்புவது, எங்கே கால் வழுக்கும், சென்றடைந்த இடத்தில் எத்தகைய வரவேற்பு கிடைக்கும் என்பன யாவும் அதனுள் அடங்கும். புதியவர் ஒருவரின் அச்சத்தைப் போக்குவதே அதன் பயன். பெரியதொரு கலையரங்கின் வாயிலில் நுழைவுச்சீட்டுடன் நிற்கும் இன்றைய பார்வையாளருக்கும் இதே உதவி தேவைப்படுகிறது. வழிகாட்டிப் பலகை என்பது, ஆங்கு இல்லாத ஒருவர் எழுதிவைத்துச் சென்ற ஆற்றுப்படை எனலாம்.

இக்காலத்தில் வழியறிதல் தனித்ததோர் ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது. அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லின்ச், நகரத்தின் உருவம் எனப் பொருள்படும் தம் நூலை 1960ஆம் ஆண்டில் வெளியிட்டார். பாஸ்டன், ஜெர்சி நகரம், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களை மக்கள் தம் மனத்தில் எவ்வாறு பதித்துக்கொள்கின்றனர் என்பதை அவர் ஆராய்ந்தார். பாதைகள், விளிம்புகள், வட்டாரங்கள், சந்திப்புகள், அடையாளச் சின்னங்கள் என்னும் ஐந்து கூறுகளைக் கொண்டே மனிதர் ஓரிடத்தை நினைவில் கொள்கின்றனர் என்பது அவர் கண்ட முடிவு. நகரத்திற்குப் பொருந்தும் இக்கருத்து, ஒரு பெருங்கட்டடத்திற்கும் பொருந்தும்.

விக்டோரியா பொது அரங்கு

சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்திற்கும் ரிப்பன் மாளிகைக்கும் அருகே செந்நிறத்தில் உயர்ந்து நிற்கிறது விக்டோரியா பொது அரங்கு. இராபர்ட் சிசம் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த இதனை நம்பெருமாள் செட்டியார் கட்டினார். 1888ஆம் ஆண்டு தொடங்கி 1890ஆம் ஆண்டு முடிய இதன் கட்டுமானம் நடைபெற்றது. இந்தோ சாரசெனிக் பாணியில் அமைந்த இக்கட்டடத்தின் சதுரக் கோபுரம், கேரளப் பாணியிலான சரிவுக் கூரையைத் தாங்கி நிற்கிறது. தரைத்தளத்திலும் அதற்கு மேலுள்ள தளத்திலும் அறுநூறு பேர் அமரத்தக்க கூடங்கள் உள்ளன. வடக்கிலும் தெற்கிலும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் நீள்கின்றன.

தமிழ் நாடகத்தின் வரலாற்றில் இவ்வரங்கிற்குச் சிறந்த இடமுண்டு. பம்மல் சம்பந்தனார் 1891ஆம் ஆண்டில் தொடங்கிய சுகுண விலாச சபை தன் நாடகங்களை இங்கு அரங்கேற்றியது. விவேகானந்தர் 1897ஆம் ஆண்டில் இங்கு சொற்பொழிவாற்றினார். நீண்டகாலம் பொலிவிழந்து கிடந்த இக்கட்டடத்தைச் சீரமைக்கும் பணியைப் பெருநகர சென்னை மாநகராட்சி 2023ஆம் ஆண்டில் தொடங்கியது.

இத்தகைய கட்டடத்தில் வழிகாட்டிகளை அமைப்பவர் இரண்டு கடமைகளை ஒருங்கே ஏற்கிறார். முதலாவது, வருபவருக்கு ஐயமின்றி வழி காட்டுதல். இரண்டாவது, நூற்றாண்டு கடந்த கட்டடத்தின் உடலையும் அழகையும் ஊறுபடுத்தாமை. பலகைகள் பெருகினால் வளைவுகளும் தூண்களும் மறையும். குறைந்தால் மக்கள் தடுமாறுவர். இவ்விரண்டிற்கும் இடையே நடுநிலை காண்பதே இப்பணியின் அருமை.

கட்டடமே முதல் வழிகாட்டி

நம் ஊர்க்கோயில்களில் திசைகாட்டும் அம்புக்குறிகள் பழங்காலத்தில் வரையப்படவில்லை. தொலைவிலிருந்து நோக்குவோருக்குக் கோபுரம் ஊரைக் காட்டியது. உள்ளே புகுந்தோருக்குக் கொடிமரம் கருவறையின் நேர்திசையை உணர்த்தியது. திருச்சுற்று, நடப்பவரைச் சுற்றிக் கொணர்ந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்த்தது. கல்லும் ஒளியும் காட்டிய வழியில் மக்கள் சென்றனர்.

இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஆடரங்கின் இலக்கணத்தைக் கூறுகிறார். ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் கொண்டது அவ்வரங்கு. அதற்கு இரண்டு வாயில்கள் இருந்தன. தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்குகள் ஏற்றப்பட்டன. மக்கள் இயங்கும் வழியையும் ஒளி விழும் திசையையும் கட்டும்போதே எண்ணிய தமிழரின் நுண்ணறிவுக்கு இது சான்று.

ஆகவே, பழைய அரங்கொன்றில் பலகை எழுதும் முன்னர், கட்டடம் தானே சொல்லும் செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். கோபுரம் ஓர் அடையாளச் சின்னம். தாழ்வாரம் ஒரு பாதை. படிக்கட்டின் அடி ஒரு சந்திப்பு. அடைபட்டுக் கிடந்த சாளரத்தைத் திறந்து வெளிச்சம் வரச் செய்தால், மக்கள் ஒளியை நோக்கித் தாமே நடப்பர். வாயிலை மறைக்கும் நாற்காலிக் குவியலை அகற்றினால், 'நுழைவாயில்' என எழுதவேண்டிய தேவையே குறையும். கட்டடத்தால் சொல்ல இயலாததை மட்டும் பலகை சொல்லுதல் போதும்.

வினா எழும் இடம்

வழியறியாதவரின் மனத்தில் எல்லா இடங்களிலும் ஐயம் எழுவதில்லை. நேரான தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர் எதையும் தேடுவதில்லை. பாதை பிரியும் இடத்தில், படிக்கட்டின் அடியில், இரண்டு கதவுகள் அருகருகே நிற்கும் இடத்தில் அவர் கால்கள் தயங்குகின்றன. அத்தயக்கம் தோன்றும் இடத்திலேயே விடை நிற்றல் வேண்டும். பத்தடி முன்னே வைத்த பலகை மறந்துபோகும்; பத்தடி பின்னே வைத்தது பயன்படாது.

ஒவ்வோரிடத்திலும் அப்போது தேவைப்படும் செய்தியை மட்டுமே கூறுதல் நன்று. தெருவில் நிற்பவருக்கு அரங்கின் பெயரும் வாயிலும் தெரிந்தால் போதும். முன்கூடத்தில் நிற்பவருக்குக் கீழ்க்கூடம், மேற்கூடம், கழிவறை, குடிநீர் ஆகியவற்றின் திசை தேவை. கூடத்தின் கதவருகே வரிசை எண்ணும், வரிசையின் முனையில் இருக்கை எண்ணும் தெரிதல் வேண்டும். அனைத்தையும் வாயிலிலேயே எழுதிவைத்த பலகையை எவரும் படிப்பதில்லை.

சொற்களில் ஒருமை இன்றியமையாதது. இரண்டு தளங்களிலும் கூடங்கள் உள்ள கட்டடத்தில் 'முதல் தளம்' என்னும் சொல்லே குழப்பம் விளைவிக்கும். சிலர் தரைத்தளத்தை முதல் தளம் எனக் கொள்வர். சிலர் அதற்கு மேலுள்ளதை அவ்வாறு எண்ணுவர். 'கீழ்க்கூடம்', 'மேற்கூடம்' எனப் பெயரிட்டால் ஐயத்திற்கு இடமில்லை. நுழைவுச்சீட்டிலும் அழைப்பிதழிலும் பலகையிலும் அப்பெயர்களே இடம்பெறுதல் வேண்டும்.

வருகின்றவரை மட்டும் எண்ணிப் பலகை அமைப்பது பெரும்பாலும் நேரும் குறை. நிகழ்ச்சி முடிந்ததும் ஆயிரம் பேர் ஒரே வேளையில் எதிர்த்திசையில் திரும்புகின்றனர். வரும்போது பலகையின் முகத்தைக் கண்டவர்கள், திரும்பும்போது அதன் முதுகைக் காண்கின்றனர். இரவு நேரம், களைப்பு, ஊருக்குச் செல்லும் கடைசி வண்டியைப் பிடிக்கும் விரைவு. வாயில், இரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றைச் சுட்டும் செய்திகள் பலகையின் மறுபுறத்தில் இடம்பெறுதல் வேண்டும். மிருதங்கத்தையும் ஒப்பனைப் பெட்டியையும் சுமந்து பின்வாயிலில் வரும் கலைஞர்க்கும் இதே அக்கறையோடு வழி காட்டுதல் கடமை. ஒப்பனை அறைக்கும் மேடைக்கும் இடையே புதியதொரு குழுவினர் இருளில் வழிதவறினால் நிகழ்ச்சியே தடைப்படும்.

எழுத்தும் குறியீடும்

தமிழ் எழுத்துகளைப் பலகையில் எழுதுவதற்குத் தனித்தேர்ச்சி வேண்டும். மேலே விலங்கும் கீழே சுழியும் பெறும் எழுத்துகள் தமிழில் மிகுதி. வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லையெனில் மேல்வரியின் சுழி கீழ்வரியின் விலங்கோடு மோதும். மெல்லிய புள்ளி தொலைவில் மறைந்துவிடும். ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலத் தோன்றும் எழுத்துருக்கள், விரைந்து படிப்பவரை மயக்கும். அழகுக்காக வளைத்து எழுதிய எழுத்து திருமண அழைப்பிதழுக்குப் பொருந்தலாம். வழிகாட்டிப் பலகைக்குப் பொருந்தாது. எழுத்தைத் தாளில் அச்சிட்டு உரிய இடத்தில் ஒட்டி, உரிய தொலைவில் நின்று, மாலை வெளிச்சத்தில் படித்துப் பார்த்தலே சிறந்த சோதனை. அச்சோதனைக்கு முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுதல் நன்று. எழுத்துப்பிழையற்ற பலகை அந்நிறுவனத்தின் மதிப்பையும் உயர்த்தும்.

எழுத்தறியாதவர்க்கும் பிறமொழியாளர்க்கும் படக்குறியீடு துணைபுரிகிறது. 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மெக்சிகோ நகரத்தின் சுரங்க இரயிலில் ஒவ்வொரு நிலையத்திற்கும் தனித்தனிச் சின்னம் உண்டு. படிக்கத் தெரியாதவரும் சின்னத்தைக் கண்டு தம் நிலையத்தில் இறங்கினர். அதனை வடிவமைத்த லான்ஸ் வைமன், அவ்விடத்தின் வரலாற்றோடும் பெயரோடும் தொடர்புடைய உருவங்களையே சின்னங்களாக்கினார்.

தமிழகத்தின் கலையரங்குகளுக்கு இது சிறந்த முன்மாதிரி. காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் எழுந்தருளியுள்ள இறைவனுக்கு யாழ்மூரிநாதர் என்பது பெயர். திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த ஊர் அது. திருஞானசம்பந்தர் அங்குப் பாடிய பதிகம் யாழில் அடங்காமற் போகவே, யாழ்ப்பாணர் தம் கருவியை முறிக்கத் துணிந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. ஓர் இசை நிகழ்வு அவ்வூர்ப் பெயர்களிலேயே நிலைபெற்றுவிட்டது. கூடங்களை எண்களால் மட்டும் குறிக்காமல், அங்கு வாழ்ந்த கலையின் நினைவைப் பெயராகவும் சின்னமாகவும் தருதல் அவ்வாறே பயன்தரும். யாழ், முழவு, முகமூடி ஆகிய உருவங்கள் மூன்று வாயில்களைச் சுட்டினால், குழந்தையும் 'முழவு வாயிலருகே நிற்கிறேன்' எனச் சொல்ல இயலும்.

மொழிகளின் வரிசையும் எண்ணத்தக்கது. காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அவ்வாட்சியின் தலைமையிடமான புதுச்சேரியில் நீலநிறத் தெருப்பெயர்த் தகடுகளில் பிரெஞ்சும் தமிழும் இன்றும் இணைந்து காணப்படுகின்றன. இரு மொழிகளும் ஒரே தகட்டில் நெரிசலின்றி வாழ இயலும் என்பதற்கு அவை எடுத்துக்காட்டு. தமிழ்ச்சொற்கள் நீளமானவை என்று கூறி அவற்றின் அளவைச் சுருக்குதல் முறையன்று. நீளத்தைக் கணக்கிட்டே தகட்டின் அளவை முடிவுசெய்தல் வேண்டும்.

உயிர்காக்கும் ஒளி

அரங்கில் வழிதவறுதல் பெரும்பாலும் சிறு தொல்லையாகவே முடிகிறது. சில வேளைகளில் அது உயிரிழப்பாகவும் முடிந்திருக்கிறது. 1903ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் சிகாகோவின் இராக்குவா நாடக அரங்கில் தீப்பற்றியது. அக்கட்டடம் அப்போதுதான் புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. வெளியேறும் கதவுகள் பல திரைச்சீலைகளால் மறைக்கப்பட்டிருந்தன. தாழ்ப்பாள்கள் திறக்கும் முறை மக்களுக்குத் தெரியவில்லை. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1997ஆம் ஆண்டு சூன் 13ஆம் நாள் புதுதில்லியின் உபகார் திரையரங்கில் நேர்ந்த தீ நிகழ்வில் 59 பேர் உயிரிழந்தனர். மேல்மாடத்தின் ஒருபுறத்து வெளியேறும் வழி, கூடுதல் இருக்கைகளால் அடைக்கப்பட்டிருந்தது. கீழே இருந்தோர் தப்பினர். மேலே இருந்தோர் புகையில் சிக்கினர்.

இந்நிகழ்வுகள் இரண்டு உண்மைகளை உணர்த்துகின்றன. அடைபட்ட வழியைப் பலகை திறந்துவிடாது. வழி முதலில் திறந்திருத்தல் வேண்டும். மற்றொன்று, திறந்திருக்கும் வழியும் தெரியாவிடில் இல்லாததற்கு ஒப்பாகும். புகை மேலெழும்பிப் பரவும் இயல்புடையது. கதவின் மேலே ஒளிரும் பலகையைப் புகை மறைக்கக்கூடும் என்பதால், தரையை ஒட்டியும் படி விளிம்புகளிலும் ஒளிக்கோடுகள் அமைப்பது சிறந்தது. மின்சாரம் நின்றாலும் இவை ஒளிர, மின்கலமோ இருளில் தானே ஒளி உமிழும் பூச்சோ உதவும்.

நாடகம் நடக்கும்போது இப்பச்சை விளக்கு காட்சியின் இருளைக் கெடுக்கிறது என்பது இயக்குநர் சிலரின் குறை. அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் அதனை அணைப்பது தீர்வாகாது. விளக்கின் முகத்தை மேடையிலிருந்து விலக்கிப் பார்வையாளரை நோக்கித் திருப்புதலும், கூச்சம் தராத அளவில் ஒளியைக் கட்டுப்படுத்துதலும் கலைக்கும் காப்பிற்கும் ஒருங்கே வழி செய்யும். இவற்றால் இயலாதபோது உயிரே முதன்மை பெறும்.

தெரிந்து தெளிவோம்

கதவை நோக்கி ஓடும் மனிதனின் பச்சைநிற உருவத்தை அரங்குகளிலும் வணிக வளாகங்களிலும் காண்கிறோம். இது சப்பானில் உருவானது. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டின் அங்காடிக் கட்டடங்களில் நேர்ந்த பெருந்தீ நிகழ்வுகளுக்குப் பின்னர், மொழியறியாதவர்க்கும் புரியும் குறியீட்டைத் தேடி அங்குப் போட்டி நடத்தப்பட்டது. யூகியோ ஓட்டா என்னும் வடிவமைப்பாளரின் பங்களிப்பால் செம்மையுற்ற அவ்வுருவம், 1985ஆம் ஆண்டில் உலகத் தர அமைப்பின் ஏற்பைப் பெற்றது.

யாவர்க்குமான வழி

மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பொதுக்கட்டடங்களை யாவரும் அணுகும் வகையில் அமைத்தல் சலுகையன்று, உரிமை என்பதை அது நிலைநாட்டியது. பழைய அரங்குகளின் முகப்பில் அகன்ற படிக்கட்டுகள் இருப்பது இயல்பு. சாய்தளம் பெரும்பாலும் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ அமைக்கப்படுகிறது. சக்கர நாற்காலியில் வருபவர் முன்வாயில் வரை வந்து, வழியில்லை எனக் கண்டு, கட்டடத்தைச் சுற்றித் திரும்பிச் செல்ல நேர்வது அவருக்குத் துன்பம் தரும். சாய்தளம் இருக்கும் திசையைத் தெருவாயிலிலேயே சுட்டினால் அத்துன்பம் நீங்கும்.

பார்வையற்றோர்க்குத் தமிழ் பிரெய்லி எழுத்துகளும், விரலால் தடவி உணரத்தக்க புடைப்பு வரைபடமும் உதவும். அவை கைக்கு எட்டும் உயரத்தில், எல்லாத் தளங்களிலும் கதவின் ஒரே பக்கத்தில் அமைதல் வேண்டும். உயரத்தில் மாட்டிய பிரெய்லிப் பலகை எவர்க்கும் பயன்படாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் உள்ளனர். ஆதலால் செய்தியை நிறத்தால் மட்டும் உணர்த்தாமல் வடிவத்தாலும் உணர்த்துதல் முறை.

சுவரைப் புண்படுத்தாத கை

1964ஆம் ஆண்டின் வெனிசு சாசனம், மரபுச் சின்னங்களைக் காப்பதற்கான உலகளாவிய நெறிகளை வகுத்தது. பழமையோடு புதிதாகச் சேர்க்கப்படுவது இசைந்து நிற்றல் வேண்டும். அதே வேளையில் புதியது எனத் தெளிவாகத் தெரிதலும் வேண்டும் என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. பழங்கால எழுத்துப்போல் போலியாகச் செதுக்கிய பலகை, வரலாற்றைத் திரித்துக் காட்டும். எளிய, அடக்கமான, இக்காலத்துத் தகடு நேர்மையானது.

பலகையைப் பொருத்தும் முறையிலும் கருத்தூன்றுதல் தேவை. சுண்ணாம்புக் காரையில் அறைந்த இரும்பு ஆணி, கடற்காற்றில் துருவேறிப் பருத்து, சுற்றியுள்ள காரையை வெடிக்கச் செய்யும். இயன்றவரை தரையில் நிற்கும் தாங்கிகளைப் பயன்படுத்தலாம். சுவரில் பொருத்தியே ஆகவேண்டுமெனில், செங்கல்லையோ கல்லையோ துளைக்காமல் இணைப்புச் சாந்தில், துருவேறாத உலோகத்தால் பொருத்துதல் நன்று. நாளை அப்பலகையைக் கழற்றினால் அங்கு அது இருந்த சுவடே தெரியாதிருத்தல் சிறப்பு. கூடத்தின் பயன் மாறும்; பெயர் மாறும்; பலகையும் மாறும். சுவர் மட்டும் மாறாது நிலைத்தல் வேண்டும்.

நிறைவாக

பழைய அரங்கு மீண்டும் உயிர்பெறுவது, விளக்குகள் ஏற்றப்பட்டு விழா நடைபெறும் நாளில் மட்டும் அன்று. சிற்றூரிலிருந்து பேரக்குழந்தையோடு வரும் முதியவர், எவரிடமும் கேட்கக் கூசாமல் மேற்கூடத்தை அடைந்து, நாடகம் கண்டு, இரவில் அச்சமின்றி வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும் அது உயிர்பெறுகிறது. ஆற்றுப்படைக் கலைஞர் தாம் பெற்றதைப் பிறரும் பெறுக என விழைந்து வழி கூறினார். வழிகாட்டிப் பலகையை அமைப்பவருக்கும் அவ்விழைவே அடிப்படை. அவரது பணி செவ்வனே அமையின், பார்வையாளரின் கண்களில் பலகை நில்லாது, கலையே நிற்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக்கு முதன்முறையாக வருபவராக உங்களைக் கருதி, தெருவாயிலிலிருந்து தலைமையாசிரியர் அறை வரை நடந்து பார்க்க. எவ்வெவ்விடங்களில் ஐயம் எழுகிறது என்பதை வரைபடத்தில் குறிக்க.

2. உங்கள் பகுதியிலுள்ள மண்டபம் அல்லது திரையரங்கு ஒன்றின் வெளியேறும் வழிகளைப் பெரியோர் துணையுடன் கண்டறிந்து, அவை திறந்துள்ளனவா, தெளிவாகத் தெரிகின்றனவா என்பது குறித்து அறிக்கை எழுதுக.

3. நிகழ்கலைக் கருவிகள் மூன்றனைத் தேர்ந்து, அரங்கின் மூன்று வாயில்களுக்கு எழுத்தின்றிப் புரியும் சின்னங்களை வரைக.

4. 'மரபழகா, மக்கள் பாதுகாப்பா – அரங்கில் எதற்கு முதன்மை?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.